பழைய காரில் கூலன்ட் சென்சார்: வீட்டு வாசலிலேயே சோதித்து மாற்றும் முறை

நாகர்கோவிலிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்த வண்டியை நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் பிடிக்க மறுக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடிக்கிறது. மைலேஜும் சில வாரங்களாகக் குறைந்திருக்கிறது. ஆல்டோ, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற 2000-களின் பெட்ரோல் கார்களில் இத்தனையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல் விழ வேண்டும். பெட்ரோல் வாடையே இல்லாமல் சூட்டில் நின்றுபோகிற வண்டி என்றால் அது வேறு கதை. கிராங்க் சென்சாரையோ பெட்ரோல் பம்பையோ பார்க்க வேண்டும். இந்தச் சென்சாரைத் தொட வேண்டாம்.

சென்சாரின் வேலை எளியது. பித்தளை உடம்புக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், சூடேற ஏற அந்த மின்தடையின் ஓம் அளவு இறங்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு 5 வோல்ட் அனுப்பி அந்த அளவைப் படித்து, எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாம் என்று முடிவு செய்கிறது. ஓம் அளவு தவறுதலாக ஏறிவிட்டால், கொதிக்கிற எஞ்சினை இசியு குளிர்ந்த எஞ்சின் என்று நம்பிப் பெட்ரோலை அள்ளிக் கொட்டும், பிளக் நனைந்துவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: எஞ்சின் எப்போதும் சூடாகவே இருக்கிறது என்று சென்சார் சொன்னால் காலையில் முதல் ஸ்டார்ட் கஷ்டப்படும். ஆனால் நம் ஊர்க் காலையில் குளிர் குறைவு என்பதால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம். குற்றாலத்தில் சாரல் காலத்தில் இரவு தங்கிவிட்டு விடியலில் கிளப்பும்போதுதான் பிடிபடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த வயது வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு ஒற்றை ஒயர் கொண்ட தனி சென்சார் உண்டு. இசியுவுக்குப் போவது இரண்டு ஒயர் கொண்டது. முள் சரியாக நிற்கிறது, எனவே சென்சார் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் தவறான சென்சாரைப் பார்த்துச் சொல்கிறார்கள். சில மாடல்களில் மூன்று பின்னோடு (உலோக முனை) இரண்டு வேலையையும் ஒரே சென்சார் செய்யும்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். சென்சார் என்று பெயர் சூட்டி மாற்றப்படுபவற்றில் நிறைய, கனெக்டரும் ஒயரும் செய்த குற்றம். பானெட்டைத் திறந்து தெர்மோஸ்டாட் ஹவுசிங் (ரேடியேட்டர் ஹோஸ் எஞ்சினில் சேரும் உறை) பக்கமோ இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்த் தொகுதி) அருகிலோ இரண்டு ஒயர் கனெக்டரைத் தேடுங்கள். பூட்டை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் இருபது வருடச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கையோடு வந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், குறிப்பாக உவரி, இடிந்தகரை மாதிரி கடற்காற்று அடிக்கிற ஊர் வண்டி என்றால், பாதி விடை கிடைத்துவிட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல் துலக்கும் பழைய பிரஷால் மெல்லத் தேய்த்து, காயவைத்து மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே சரியானால் செலவு முடிந்தது.

சரியாகவில்லை என்றால் சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் போதும். கனெக்டர் கழன்ற நிலையில் சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். ஒயர்ப் பக்க இரண்டு முனைக்கும் நடுவே டிசி வோல்ட் அளந்தால் 5-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது, சென்சார் மாற்றிப் பயனில்லை. பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வயலோர வீடுகளில் எலி பானெட்டுக்குள் குடியேறும். ஒயர் சுற்றின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

5 வோல்ட் வந்தால் சாவியை ஆஃப் செய்துவிட்டு, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளவிடுங்கள். சுசுகி எஞ்சின்கள் பலவற்றுக்குச் சர்வீஸ் புத்தகம் தரும் அளவு 20 டிகிரியில் ஏறக்குறைய 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.29 முதல் 0.35 கிலோ ஓம். இங்கேதான் நம் ஊரில் பலர் தவறுகிறார்கள். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரி அரிது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலை 30 டிகிரிக்கு 1.6 அல்லது 1.7 கிலோ ஓம் காட்டினால் அதுதான் சரியான அளவு. சித்திரை வெயிலில் 35 டிகிரிக்கு 1.4 வரும், 40-க்கு 1.1 அல்லது 1.2. புத்தகத்தில் 2.2 போட்டிருக்கிறதே என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிய வேண்டாம். மற்ற கம்பெனி வண்டிகளுக்கு எண்கள் மாறும், ஆனால் சூடேற அளவு இறங்க வேண்டும் என்பது மாறாது.

காலையில் அளவு சரியாக இருந்தும் சூட்டில் கோளாறு வருகிறதென்றால் சென்சாரைக் கழற்றி வெந்நீரில் சோதிக்க வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது விடுங்கள், விடியற்காலை வேலை இன்னும் நல்லது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆறிய ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் மிச்ச அழுத்தம் போய்விடும். கீழே ஒரு தட்டு அல்லது பேசின் வையுங்கள். பெரும்பாலும் 19 எம்எம் ஸ்பேனர் சேரும், ரிங் ஸ்பேனரோ டீப் சாக்கெட்டோ நல்லது. ஓப்பன் ஸ்பேனர் வழுக்கிப் பித்தளை முனையை உருட்டிவிடும். இறுகியிருந்தால் முந்தைய இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். சுத்தியல் தட்டக் கூடாது, ஹவுசிங் அலுமினியம். அதில் விரிசல் விட்டால் சென்சார் விலையைப் போல் பல மடங்கு செலவு. கழன்று வரும்போது கொஞ்சம் கூலன்ட் வழியும். துளையை உடனே அடைத்துவிட்டால் அரை லிட்டருக்குள் முடியும்.

வந்த சென்சாரின் முனையைப் பாருங்கள். குளிக்க வெந்நீர் போடும் பானையின் அடியில் ஏறுமே, அந்த வெள்ளை உப்புப் பொருக்கு முனையைச் சுற்றிக் கெட்டியாகப் போர்த்தியிருந்தால், சென்சார் கெடவில்லை, சூடு அதற்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. வினிகரில் ஒரு மணி நேரம் முனையை மட்டும் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். பிறகு சோதனை: பாத்திரத்தில் தண்ணீர், தெர்மாமீட்டர், அடியைத் தொடாமல் தொங்கும் சென்சார். பின்கள் நனையக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுசுகி வகை சென்சார் அங்கே 180-லிருந்து 200 ஓம் பக்கம் நிற்கும். அளவு ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் தாவினாலோ, சூட்டில் திடீரென்று தொடர்பு அறுந்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழையதையே கையில் கொண்டுபோய் மரை, முனையின் நீளம், பின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தும் ஓம் அளவு வேறாக உள்ளவை உண்டு. கடையிலேயே மீட்டர் வைத்துப் பழைய சென்சாரின் அளவோடு ஒப்பிடலாம்.

மாட்டும்போது ஹவுசிங் மரையைத் துணியால் துடைத்து, புது வாஷர் போட்டு, முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, எடுத்துத் திரும்ப வையுங்கள். இறுக்க வேண்டிய அளவு சுமார் 15 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கையால் உட்காரும் வரை திருகி, குட்டையான ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். வாஷர்தான் அடைப்பு. ஒற்றை ஒயர் சென்சாரில் டேப் போட்டால் எர்த்தும் போய், முள் ஏறாமல் நிற்கலாம்.

அடுத்தது கூலன்ட். இங்கே என்ன பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப் பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டியவை. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் நீங்கள் இப்போது சுரண்டிய அதே பொருக்கு ஓரிரு வருடத்தில் திரும்பி வரும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க நல்லது, அதையும் ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். ரெடிமிக்ஸ் கூலன்ட்டை அப்படியே ஊற்றுங்கள், கெட்டியானது என்றால் டிஸ்டில்டு வாட்டர் சரிபாதி சேர்த்து. உள்ளே இருக்கும் நிறத்தோடு வேறு வகையைக் கலக்காதீர்கள்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரப்படாதீர்கள். சென்சார் முனையைச் சுற்றிக் காற்றுக் குமிழி நின்றால் புதிய சென்சாரும் பொய் சொல்லும். பேட்டரியை மாட்டி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அவ்வப்போது அமுக்கினால் குமிழிகள் வரும். 80 டிகிரியைத் தாண்டி தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். அந்த இடத்தை நிரப்புங்கள். பொங்கி வழியத் தொடங்கும் முன் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை பாருங்கள். சாவி போட்டதுமே ஃபேன் ஓடி நிற்காமலிருந்தால் இசியு இன்னும் சென்சாரை நம்பவில்லை. பல வண்டிகளில் அதுதான் தற்காப்பு ஏற்பாடு. கனெக்டர் பூட்டு விழுந்ததா என்று திரும்பப் பாருங்கள்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு பி0118 (P0118) என்றால் தொடர்பு அறுந்திருக்கிறது, பி0117 (P0117) என்றால் ஷார்ட். 2010-க்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசாது. பேட்டரி நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றிவைத்தால் பல மாடல்களில் பழைய பிழைக் குறியீடு அழிந்துவிடும்.

பேசினில் சேர்ந்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கும், கொஞ்சமே உயிரை எடுக்கும். மூடியுள்ள கேனில் அடைத்துப் பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்பி, சென்சார் வாஷர் ஓரத்தை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.