மரியோ டென்னிஸ் ஏசஸ்: மட்டை உடையாமல் ஜெயிக்க

என் அக்கா மகன் இந்த ஆட்டத்தில் தோற்கும்போதெல்லாம் கண்ட்ரோலரைத்தான் திட்டுவான். கண்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. எனர்ஜியை ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறான், அவ்வளவுதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

மரியோ டென்னிஸ் ஏசஸ் என்ற வீடியோ கேம் 2018 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்தது, கேம்லாட் நிறுவனம் செய்தது. வழக்கமாகக் குழாய்க்குள் குதித்து, ஆமைகளை மிதித்துக்கொண்டு ஓடும் மரியோ கூட்டம் இதில் டென்னிஸ் மட்டையோடு நிற்கிறது. வண்ணத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுக்குள் இது ஒரு சண்டை கேம். தடுப்பு உண்டு, மட்டை உடைவது உண்டு, கேஓவும் (மட்டை தீர்ந்து ஒரேயடியாகத் தோற்பது) உண்டு.

முதலில் சாதாரண அடிகள். ஏ அழுத்தினால் டாப்ஸ்பின். வேகமாகப் போய் உயரமாக எழும்பும். பி அழுத்தினால் ஸ்லைஸ். மெதுவாக வளைந்து, தாழ்வாக எழும். ஒய் என்பது ஃபிளாட், நேராகப் பாயும். எக்ஸோடு ஸ்டிக்கை மேலே தள்ளினால் லாப், பந்து எதிராளியின் தலைக்கு மேலே போகும்; கீழே இழுத்தால் டிராப் ஷாட், வலைக்குப் பக்கத்திலேயே விழும். எதிராளி டாப்ஸ்பின் அடித்தால் ஸ்லைஸால் திருப்புங்கள், ஸ்லைஸ் வந்தால் டாப்ஸ்பினால். அடிக்கு அடி பந்தின் பின்னால் வரும் கோட்டின் நிறம் மாறும், அதைப் பார்த்தே எது வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். செர்வ் போடும்போது பந்து மேலே போய் உச்சியில் நிற்கும் நொடியில் அடியுங்கள்.

இனி எனர்ஜிக்கு வருவோம். இதுதான் ஆட்டமே. பந்து வருவதற்கு முன்பே அது விழும் இடத்துக்குப் போய் நின்று, பட்டனை அழுத்திப் பிடித்திருங்கள். சார்ஜ் ஏறும், அடியும் பலமாக இருக்கும், மேலே உள்ள எனர்ஜி மீட்டரும் நிரம்பும். சார்ஜ் செய்யும்போது கால் மெதுவாகிவிடும் என்பதால் முதலில் இடம், பிறகுதான் பட்டன். பிள்ளைகள் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஓடப் பார்ப்பார்கள், பந்து அவர்களைத் தாண்டிப் போகும்.

அந்த மீட்டரைச் செலவழிக்க மூன்று வழி உண்டு. தரையில் நட்சத்திரம் தெரியும் இடத்தில் நின்று ஆர் அழுத்தினால் ஸோன் ஷாட்: குறி பார்த்து அடிக்கலாம், ஆனால் குறி பார்த்துக்கொண்டே நின்றால் எனர்ஜி கரையும். நட்சத்திரம் இல்லாத நேரத்தில் ஆர் பிடித்தால் காலம் மெதுவாகும், எட்டாத பந்தைப் பிடிக்க உதவும். மீட்டர் முழுதாக நிரம்பினால் எல் அழுத்தி ஸ்பெஷல் ஷாட். அக்கா மகன் மீட்டர் நிரம்பிய மறுநிமிடமே எல் அழுத்துவான். எதிராளி தடுப்பதில் தேர்ந்தவராக இருந்தால் அது அப்படியே வீண். என்னைக் கேட்டால் பாதி மீட்டரைத் தற்காப்புக்கென்று எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் தடுப்பு. ஸோன் ஷாட் வரும்போது அதன் பாதையில் நின்று, பந்து மட்டையைத் தொடும் அந்த நொடியில் பட்டன் அழுத்த வேண்டும். நேரம் பிசகினால் மட்டை சேதமாகும். ஸ்பெஷல் ஷாட்டில் பிசகினால் மட்டை ஒரே அடியில் உடைந்துவிடும். கையிலிருக்கும் மட்டைகள் எல்லாம் தீர்ந்தால், ஸ்கோரில் முன்னால் இருந்தாலும் தோல்விதான். அதனால் சில பந்துகளைத் தொடாமலே விட்டுவிடுவது நல்லது. ஒரு பாயிண்ட் போகட்டும், மட்டை இருக்கட்டும். இதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை அக்கா மகனுக்கு இன்னும் வரவில்லை. ஆர் பிடித்துக் காலத்தை மெதுவாக்கினால் தடுக்கும் நேரம் சரியாகத் தெரியும். சேமித்த எனர்ஜி அங்கேதான் உதவும்.

ட்ரிக் ஷாட் என்பது வலது ஸ்டிக்கைத் தட்டினால் ஆள் பறந்து போய் அடிப்பது. ஒற்றை ஜாய்கான் (ஸ்விட்ச்சின் குட்டி கண்ட்ரோலர்) வைத்திருந்தால் எக்ஸை இருமுறை தட்டுங்கள். பந்து தூரமாக இருக்கும்போது சரியான நேரத்தில் செய்தால் மீட்டர் ஏறும், அவசரப்பட்டால் இறங்கும். பக்கத்தில் வரும் பந்துக்குப் பறப்பதெல்லாம் வெறும் பந்தா.

யாரை எடுப்பது? ஆரம்பத்தில் மரியோவோ லூயிஜியோ போதும், எல்லாமே நடுத்தரமாக இருக்கும். பவுசர் பலமாக அடிப்பான், ஓட்டம் குறைவு. டோட், யோஷி வேகம். நான் எப்போதும் வாலுயிஜிதான். கை நீளம், கோர்ட்டின் ஓரம் வரை எட்டும். 2000-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த டென்னிஸ் ஆட்டத்தில்தான் இவன் முதலில் தோன்றினான், ஆக இது அவனுக்குச் சொந்த ஊர் மாதிரி. பூ என்ற பேயின் பந்து வளைந்து வளைந்து எரிச்சலூட்டும். அக்கா மகனுக்கு அந்தப் பேயைத்தான் பிடிக்கும்.

ஐந்து வயதுப் பிள்ளையோ அம்மாவோ கூட ஆட வந்தால் அமைப்பில் சிம்பிள் விதிகளைத் தேர்வு செய்யுங்கள். எனர்ஜி, ஸோன், மட்டை உடைவது எதுவும் இருக்காது, வெறும் டென்னிஸ். கப்பல் கோர்ட்டில் நடுவே நிற்கும் பாய்மரத்தில் பந்து மோதித் திசை மாறும். அது பிடிக்காவிட்டால் கோர்ட் தடைகளையும் அணைத்துவிடலாம். எங்கள் வீட்டில் அணைப்பதில்லை, பாய்மரத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்குத்தான் அதிகச் சிரிப்பு.