கொரோனா ஆர்டி-பிசிஆர்: வளைவைப் பார்த்துவிட்டு முடிவு எழுதுங்கள்

ஆர்டி-பிசிஆர் என்பது மாதிரியில் உள்ள வைரஸ் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை. கருவி 'நெகட்டிவ்' என்று காட்டினால் மட்டும் அது நெகட்டிவ் ஆகிவிடாது. மாதிரி எடுக்கும்போதே தவறு நடந்திருந்தால் எவ்வளவு விலையுள்ள கருவியும் அதைச் சரிசெய்யாது.

செயற்கை இழை நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ள ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி) எடுங்கள். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் பிசிஆர் வினையைக் கெடுக்கக்கூடும். மூக்கின் தரையை ஒட்டி, அண்ணத்துக்கு இணையாக ஸ்வாபை உள்ளே விடுங்கள். மேல்நோக்கிக் குத்தக் கூடாது. தட்டும் இடத்தில் சில நொடி நிறுத்தி, மெல்லச் சுழற்றி எடுத்து, விடிஎம் (வைரஸ் மாதிரியைக் கெடாமல் வைத்திருக்கும் திரவம்) உள்ள குழாயில் போடுங்கள். மாதிரி 2–8 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாமதமானால் மைனஸ் 70 டிகிரிதான். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ சிதையும்.

குழாயை உயிரியல் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மட்டுமே திறக்க வேண்டும். வைரஸை உடைத்து ஆர்என்ஏவை வெளியேற்றும் லைசிஸ் பஃபரில் குவானிடின் உப்பு இருக்கும். அது சிந்திய இடத்தில் நேரே பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள், பிறகுதான் பிளீச். மாஸ்டர் மிக்ஸ் (பிசிஆர் வினைக்கான வேதிக் கலவை) கலக்கும் அறையிலிருந்து மரபணுப் பெருக்கம் நடக்கும் அறைக்குப் போகலாம். அங்கிருந்து அதே கோட்டோடும் பிபெட்டோடும் திரும்பி வரக் கூடாது. கருவியில் ஓடி முடிந்த பிளேட்டை (மாதிரிகளுக்கான குழிகள் உள்ள தட்டு) திறக்கவே வேண்டாம். உள்ளே கோடிக்கணக்கான மரபணுப் பிரதிகள் இருக்கும். அவற்றில் துளி காற்றில் கலந்தாலும் அடுத்தடுத்த சோதனைகள் பொய் பாசிட்டிவ் காட்டும்.

இனி வளைவு, அதாவது சுழற்சிக்குச் சுழற்சி ஒளிர்வு கூடுவதைக் கருவி வரைந்து காட்டும் கோடு. உண்மையான பெருக்கம் 'எஸ்' வடிவில் எழும்பும். சாய்ந்த கோடாக மெல்ல ஏறி வரம்பைத் தொடுவது பின்னணி ஒளிர்வின் நகர்வு. கருவி அதற்கும் 37 என்று சிடி மதிப்பு (ஒளிர்வு வரம்பைத் தொடும் சுழற்சி எண்) போட்டுவிடும், நம்பாதீர்கள். மாதிரி சேர்க்காத கன்ட்ரோலில் வளைவு எழுந்தால் அந்த ஓட்டம் முழுவதும் செல்லாது. நோயாளியின் குழியில் வைரஸ் மரபணுவும் இல்லை, மாதிரி சரியாக எடுக்கப்பட்டதைக் காட்டும் மனித மரபணுவான ஆர்என்ஏஸ் பி-யும் இல்லை என்றால் அது 'செல்லாத முடிவு'. நெகட்டிவ் என்று எழுதுவது பெரும் பிழை. வைரஸ் மிக அதிகமாக இருந்தால் ஆர்என்ஏஸ் பி அமுங்கிப்போகலாம். அப்போது பாசிட்டிவ் பாசிட்டிவ்தான்.

சிடி 15 உள்ள, அதாவது வைரஸ் மிக அதிகமான, குழிக்குப் பக்கத்துக் குழியில் 36 வந்தால் சிந்தியிருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். மூல மாதிரியிலிருந்து ஆர்என்ஏவை மறுபடி பிரித்தெடுத்து ஓட்டுங்கள். சோதனை தேடும் வைரஸ் மரபணுக்களில் எஸ் மரபணு மட்டும் காணாமல் போவதும் உண்டு. ஆல்ஃபா திரிபின் எஸ் மரபணுவில் இருந்த 69–70 நீக்கத்தால் சில சோதனைக் கிட்களில் அப்படித்தான் நடந்தது. மற்ற மரபணுக்கள் தெளிவாக எழுந்திருந்தால் அது பாசிட்டிவே.

சிடியில் ஏறத்தாழ 3.3 சுழற்சி வித்தியாசம் வைரஸ் ஆர்என்ஏ அளவில் பத்து மடங்குக்குச் சமம். ஆனால் ஒரு கிட்டின் சிடியை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. அறிகுறி தொடங்கிய நாள் படிவத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்: 36 என்பது முதல் நாளில் தொடங்கும் தொற்றாக இருக்கலாம், இருபதாம் நாளில் எஞ்சிய ஆர்என்ஏ துணுக்காக இருக்கலாம்.