புதுசா பிளாக் ஆரம்பிச்சவங்களுக்கு எஸ்.இ.ஓ (கூகுள் தேடல்ல நம்ம பக்கம் தெரிய வைக்கிற வேலை): முதல்ல எதைப் பண்ணணும், எதை விட்டுடலாம்

பிளாக் ஆரம்பிச்சு நாலஞ்சு மாசம் ஆச்சு, போஸ்ட்டும் வரிசையா போட்டுட்டேன், ஆனா கூகுள்ல இருந்து ஒருத்தர் கூட வரலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. உடனே அவங்க தேடிப் போறது என்னன்னா பேக்லிங்க் (மத்த சைட்ல இருந்து நமக்கு வர்ற லிங்க்) எங்க கிடைக்கும், எந்த பிளகின் (பிளாக்ல சேர்க்கிற கூடுதல் புரோகிராம்) போடணும், கீவேர்ட் (ஜனங்க தேடுற சொல்) எத்தனை தடவை வரணும், இதைத்தான். இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல உங்க பக்கம் கூகுள் கிட்ட இருக்கா இல்லையான்னு பாருங்க, அடுத்து உங்க ஒவ்வொரு போஸ்ட்டும் யாரோட எந்தக் கேள்விக்குப் பதில்னு பாருங்க. இந்த ரெண்டும் சரியில்லாம வேற எதுல நேரம் போட்டாலும் பலன் இல்லை.

கூகுள்பாட்னு ஒரு புரோகிராம், லிங்க்கைப் பிடிச்சுப் பிடிச்சு ஒவ்வொரு பக்கமா போய்ப் படிக்கும், அதுதான் க்ரால். படிச்சதுல வச்சுக்கலாம்னு தோணுறதை தன்கிட்ட சேர்த்து வச்சுக்கும், அதுதான் இண்டெக்ஸ். யாராவது தேடும்போது அந்த இண்டெக்ஸ்ல இருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டும், அது ரேங்க். எல்லாரும் மூணாவதைப் பத்தியே கவலைப்படுறாங்க, ஆனா புது பிளாக்ல பிரச்சினை பெரும்பாலும் முதல் ரெண்டுலயே இருக்கும்.

செக் பண்றது சுலபம். கூகுள் தேடல் பெட்டியில சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு கோலன் குறி போட்டு, இடைவெளி விடாம உங்க பிளாக் அட்ரஸைப் போடுங்க. உங்க பக்கங்கள் வந்தா அது இண்டெக்ஸ்ல இருக்கு. ஒண்ணுமே வரலைன்னா முதல்ல செட்டிங்ஸைப் பாருங்க. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ்ல ரீடிங் பகுதியில, தேடுபொறிகள் இந்த சைட்டை இண்டெக்ஸ் பண்ண வேண்டாம்னு சொல்ற ஒரு டிக் பெட்டி இருக்கும், சைட் கட்டும்போது டிக் போட்டு வச்சு அப்புறம் எடுக்க மறந்துட்டா வருஷக் கணக்கா எழுதினாலும் யார் கண்ணுலயும் படாது. கூகுளோட பிளாக்கர்லயும் பிரைவசி பகுதியில இதே மாதிரி ஒரு ஸ்விட்ச் இருக்கு, அது ஆன்ல இருக்கணும்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல், அதாவது உங்க சைட் தேடல்ல எப்படி இருக்குன்னு கூகுளே காட்டுற டூல். காசு கிடையாது, இதை விட நல்ல எஸ்.இ.ஓ டூல் புதுசா பிளாக் எழுதுறவங்களுக்குத் தேவையும் கிடையாது, இது என் உறுதியான கருத்து. உங்க சைட்டை அதுல சேர்த்து, இது உங்களுதுதான்னு வெரிஃபை பண்ணி, சைட்மேப்பை, அதாவது உங்க பக்கங்களோட அட்ரஸ் பட்டியலை, சப்மிட் பண்ணுங்க. வேர்ட்பிரஸ் 5.5 பதிப்புல இருந்து, அதாவது 2020ல இருந்து, சைட்மேப்பை அதுவே உருவாக்கிடுது, பிளாக்கர்லயும் தானாவே இருக்கு, அதனால அதை உருவாக்க தனியா எதுவும் செய்ய வேண்டாம். புது போஸ்ட் போட்டதும் அதோட முழு அட்ரஸை மேல இருக்கிற இன்ஸ்பெக்ஷன் பெட்டியில போட்டு ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் அமுக்கலாம். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப அமுக்குறதால சீக்கிரம் வந்துடாது.

அதுலயே பேஜஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, அங்க ரெண்டு வரி அடிக்கடி கண்ணுல படும். ஒண்ணு, கண்டுபிடிச்சோம் ஆனா இன்னும் இண்டெக்ஸ் பண்ணலைங்கிறது, அதாவது அட்ரஸ் தெரியும், இன்னும் படிக்க வரலை. இன்னொண்ணு, படிச்சோம் ஆனா இண்டெக்ஸ் பண்ணலைங்கிறது. முதலாவது புது சைட்ல சகஜம், பொறுமையா இருக்கலாம். ரெண்டாவது நிறைய போஸ்ட்டுக்கு வந்தா யோசிக்கணும், ஏன்னா கூகுள் வந்து படிச்சுப் பார்த்துட்டு, இப்போதைக்கு இது வேண்டாம்னு விட்டிருக்கு. ஏற்கனவே நூறு பேர் எழுதினதையே மாத்தி எழுதின போஸ்ட்டுக்குத்தான் பெரும்பாலும் இந்த நிலை வருது.

இப்ப எழுதுறதுக்கு வருவோம், எனக்கு முக்கியமா சொல்லணும்னு தோணுறதும் இதுதான். தேடுறவங்க எல்லாருக்கும் ஒரு அவசரம் இருக்கு, அது என்னன்னு தெரியாம எழுத உட்கார்ந்தா நல்லா எழுதினாலும் போய்ச் சேராது. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நீங்க தோட்டத்தைப் பத்தி எழுதுறீங்கன்னு வச்சுக்கோங்க. போஸ்ட் தலைப்பு "என் தோட்ட அனுபவங்கள், பகுதி 7". உள்ள அருமையா எழுதியிருப்பீங்க, தக்காளிச் செடி இலை மஞ்சளானது, அதுக்கு என்ன பண்ணீங்க, எல்லாம் இருக்கும். ஆனா உலகத்துல ஒருத்தரும் தோட்ட அனுபவம் பகுதி ஏழுன்னு தேடப் போறது இல்லை. செடி வாடிப் போயிருக்கு, போனை எடுத்து "தக்காளி செடி இலை மஞ்சள்" அப்படின்னு அடிப்பாங்க. அதே போஸ்ட்டுக்கு "தக்காளிச் செடி இலை மஞ்சளாகுதா? கீழ் இலையா மேல் இலையான்னு முதல்ல பாருங்க" அப்படின்னு தலைப்பு வச்சா, தேடினவங்களுக்கு இது நம்ம பிரச்சினைதான்னு பட்டுனு தெரியும்.

தலைப்பு மட்டும் மாத்தினா பத்தாது, முதல் பத்தியிலயே பதில் ஆரம்பிக்கணும். கீழ இருக்கிற பழைய இலை முதல்ல மஞ்சளானா நைட்ரஜன் பத்தாம இருக்கலாம், மேல இருக்கிற இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்துக் குறைவா இருக்கலாம், மண்ணு எப்பவும் சொதசொதன்னு இருந்தா தண்ணி அதிகம், இதை முதல் நாலு வரியில சொல்லிடுங்க. ஒவ்வொண்ணையும் விரிவா கீழ தனித் தனி சப்ஹெட்டிங் போட்டு எழுதுங்க, உங்க செடியோட போட்டோவைப் போடுங்க. தோட்டக்கலை என்பது மனித வாழ்வின் அங்கம்னு ரெண்டு பத்தி ஓட்டினா செடி வாடிட்டு இருக்கிறவங்க பின்னாடி போய் அடுத்த ரிசல்ட்டைத் திறந்துடுவாங்க. உங்க சொந்த போட்டோவும் சொந்த அனுபவமும் இருக்கே, அது வேற யார்கிட்டயும் கிடைக்காது, கூகுளோட தர மதிப்பீட்டு வழிகாட்டியில 2022 டிசம்பர்ல அனுபவம்ங்கிறதைத் தனியா சேர்த்தாங்க, அதனால அதைக் கூச்சப்படாம எழுதுங்க.

எதைப் பத்தி எழுதலாம்னு தெரியலைன்னா காசு கொடுத்து டூல் வாங்க வேண்டாம். கூகுள்ல உங்க விஷயத்தைப் பாதி அடிச்சு நிறுத்துங்க, கீழ வரிசையா வர்றது எல்லாம் ஜனங்க தேடுறதுதான். ரிசல்ட்டுக்கு நடுவுல மத்தவங்க கேக்குற கேள்விகள்னு ஒரு பெட்டி வரும், அதையும் நோட் பண்ணுங்க. அப்புறம் ஒரு நல்ல பழக்கம், எழுதறதுக்கு முன்னாடி அந்தத் தேடலைப் போட்டு முதல் பக்கத்துல வர்ற ரிசல்ட்டைத் திறந்து படிங்க. எல்லாம் வீடியோவா இருந்தா ஜனங்க பார்க்கத்தான் விரும்புறாங்க, எல்லாம் பொருள் விக்கிற கடையா இருந்தா அந்தத் தேடலுக்குக் கட்டுரை எடுபடாது, வேற தேடலைப் பிடிங்க. புது பிளாக் "தோட்டம்" மாதிரி ஒத்தைச் சொல்லுக்குப் போட்டி போட முடியாது, ஆனா நாலஞ்சு சொல் சேர்ந்த குறிப்பான கேள்விக்கு முடியும்.

கீவேர்டை எத்தனை தடவை போடணும்ங்கிற கணக்கை விட்டுடுங்க. 2019ல கூகுள் தேடல்ல கொண்டு வந்த பெர்ட் அப்டேட் மாதிரி விஷயங்களுக்கு அப்புறம் கூகுள் வாக்கியத்தோட அர்த்தத்தையே ஓரளவு புரிஞ்சுக்குது. கீவேர்ட் மெட்டா டேகை, அதாவது பக்கத்தோட கோட்ல கண்ணுக்குத் தெரியாம கீவேர்ட் போடுற இடத்தை, ரேங்கிங்குக்குப் பயன்படுத்துறது இல்லைன்னு 2009லயே கூகுள் சொல்லியாச்சு, இன்னும் அதுல ஐம்பது வார்த்தை போட்டு வைக்கிறவங்க இருக்காங்க. இத்தனை வார்த்தை எழுதினாத்தான் ரேங்க் ஆகும்னு ஒரு கணக்கும் கிடையாது. பிளகின்ல பச்சை விளக்கு எரியுறது அந்த பிளகின் வச்ச மார்க்கு, கூகுள் வச்சது இல்லை. சைட்டுக்குப் போடுற டொமைன் அத்தாரிட்டிங்கிற மார்க்கும் அப்படித்தான், அது மாஸ்ங்கிற கம்பெனியோட கணக்கு.

மெட்டா டிஸ்கிரிப்ஷன், அதாவது பக்கத்தைப் பத்தி நீங்க எழுதி வைக்கிற சின்ன விளக்கம், அதனால ரேங்க் ஏறாது, ஆனா ரிசல்ட்ல தலைப்புக்குக் கீழ அது தெரிய வாய்ப்பு இருக்கிறதால கிளிக் பண்ண வைக்கும், ரெண்டு வரி எழுதிடுங்க. பிளாக்கர்ல இதை முதல்ல செட்டிங்ஸ்ல ஆன் பண்ணாத்தான் போஸ்ட் பக்கத்துல அந்தப் பெட்டியே தெரியும்.

தமிழ்ல எழுதுறவங்க யூ.ஆர்.எல்லைக் கொஞ்சம் கவனிக்கணும். வேர்ட்பிரஸ்ல தமிழ்த் தலைப்பு வச்சா யூ.ஆர்.எல்லும் தமிழாவே வரும், அதை காப்பி பண்ணி எங்கயாவது ஒட்டினா சதவீதக் குறியும் எண்ணுமா நீளமா ஓடும், ஏன்னா ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு ஒன்பது குறி ஆகுது. வேர்ட்பிரஸ் அதிகபட்சம் 200 குறிதான் வச்சுக்கும், அப்படின்னா இருபத்திரெண்டு தமிழ்க் குறி, புள்ளியும் கொம்பும் தனித்தனியா கணக்காகும், ஆக ரெண்டு மூணு சொல்லுலயே வெட்டுப்பட்டுடும். பிளாக்கர்ல வேற கதை, தமிழ்த் தலைப்பைக் கழட்டிட்டு பிளாக் போஸ்ட்னு பொத்தாம் பொதுவா ஒரு பேர் வச்சுடும். கூகுள் தமிழ் யூ.ஆர்.எல்லையும் படிக்கும், அதுல தப்பு ஒண்ணும் இல்லை, ஆனா ஷேர் பண்ணும்போது அசிங்கமா இருக்கும்ங்கிறதால பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடியே சின்னதா ஆங்கில எழுத்துல, சொல்லுக்கு நடுவுல ஹைஃபன் போட்டு நீங்களே வச்சுடுங்க. ஏற்கனவே போட்ட போஸ்ட்டோட யூ.ஆர்.எல்லை அழகுக்காக மாத்தாதீங்க. மாத்தியே ஆகணும்னா பழசுல இருந்து புதுசுக்கு 301 ரீடைரக்ட், அதாவது பழைய அட்ரஸுக்கு வர்றவங்களை நிரந்தரமா புதுசுக்கு அனுப்புற ஏற்பாடு, கட்டாயம் போடணும்.

உள் லிங்க், அதாவது உங்க ஒரு போஸ்ட்ல இருந்து இன்னொரு போஸ்ட்டுக்கு லிங்க் கொடுக்குறதை யாரும் பெருசா எடுத்துக்கிறது இல்லை, ஆனா முழுக்க உங்க கையில இருக்கிற விஷயம் அது. புது போஸ்ட் போட்டதும், சம்பந்தப்பட்ட பழைய போஸ்ட் ரெண்டு மூணைத் திறந்து அங்க இருந்து இதுக்கு லிங்க் கொடுங்க. "இங்கே கிளிக்"னு லிங்க் வைக்காம "செடிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்" அப்படின்னு விஷயத்தையே லிங்க்கா வைங்க, படிக்கிறவங்களுக்கும் கூகுளுக்கும் அங்க போனா என்ன இருக்கும்னு தெரியும்.

மத்த சைட்ல இருந்து உங்களுக்கு வர்ற லிங்க்கும் முக்கியம்தான். கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ல எழுதின பேஜ்ரேங்க் யோசனையே, நல்ல பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்குதுன்னு பார்க்குறதுதான். ஆனா காசுக்கு லிங்க் வாங்காதீங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க. 2012ல கூகுளோட பெங்குவின் அப்டேட் வந்ததே இந்த மாதிரி லிங்க் வியாபாரத்தைப் பிடிக்கத்தான். உங்க துறையில எழுதுற மத்தவங்களோட நிஜமா பழகி, அவங்க மேற்கோள் காட்டுற அளவுக்கு ஒரு போஸ்ட் எழுதினா லிங்க் வரும், மெதுவாத்தான் வரும். ஏ.ஐ வச்சு ஒரே நாள்ல நூறு போஸ்ட் போடுறதும் இதே ரகம்தான், ஏ.ஐ பயன்படுத்துறது தப்புன்னு கூகுள் சொல்லலை, ஆனா ரேங்குக்காக மொத்தமா உற்பத்தி பண்றதை 2024 மார்ச்ல இருந்து ஸ்பாம் விதியிலயே சேர்த்திருக்கு.

ஸ்பீடு விஷயத்துல ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம். பக்கத்தோட பெரிய பகுதி 2.5 செகண்டுக்குள்ள தெரிஞ்சா நல்லதுன்னு கூகுள் ஒரு அளவு வச்சிருக்கு. புது பிளாக் மெதுவா இருக்கிறதுக்கு முதல் காரணம் போன்ல எடுத்த போட்டோவை அப்படியே பல எம்.பி சைஸ்ல ஏத்துறது, அதைச் சுருக்கி வெப்பிங்கிற (WebP) சைஸ் கம்மியான பட ஃபார்மட்ல போட்டாலே பாதி சரியாகிடும். போட்டோவுக்கு ஆல்ட் டெக்ஸ்ட்ல, அதாவது படத்துக்குப் பதிலா படிக்கிற விளக்கத்துல, பார்வையில்லாத ஒருத்தருக்கு விவரிக்கிற மாதிரி ஒரு வரி எழுதுங்க. போன்ல திறந்து படிச்சுப் பாருங்க, கூகுள் இண்டெக்ஸ் பண்றது உங்க பக்கத்தோட மொபைல் வடிவத்தைத்தான்.

ரெண்டு மூணு மாசம் போனதும் சர்ச் கன்சோல்ல பர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறங்க. எந்தத் தேடலுக்கு உங்க பக்கம் எத்தனை தடவை தெரிஞ்சது, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்க, சராசரியா எத்தனாவது இடம்னு இருக்கும். ஒரு போஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து அதுக்கு வந்த தேடல்களை மட்டும் பாருங்க. எட்டுல இருந்து இருபதாவது இடம் வரைக்கும் இருக்கிற தேடல்தான் உங்களுக்கு அடுத்த வேலை. தக்காளி போஸ்ட் "மிளகாய் செடி இலை மஞ்சள்" அப்படிங்கிற தேடலுக்கும் பதினாலாவது இடத்துல தெரியுதுன்னு வைங்க, நீங்க மிளகாயைப் பத்தி ஒரு வரிதான் எழுதியிருப்பீங்க. அதுக்குத் தனியா ஒரு போஸ்ட் எழுதி ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு லிங்க் பண்ணுங்க. நல்ல இடத்துல தெரியுது ஆனா கிளிக் இல்லைன்னா தலைப்பையும் டிஸ்கிரிப்ஷனையும் மாத்திப் பாருங்க. ஒரே கேள்விக்கு உங்க ரெண்டு போஸ்ட் மாறி மாறி வந்துட்டு இருந்தா ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து, இன்னொண்ணை அதுக்கு ரீடைரக்ட் பண்ணிடுங்க.

மாத்தின தேதியை எங்கயாவது குறிச்சு வைங்க, அடுத்த சில வாரத்துக்கு அதுல கை வைக்காதீங்க, ஏன்னா கூகுள் மறுபடி வந்து படிச்சு இடம் மாறுறதுக்கு நேரம் ஆகும், நடுவுல இன்னொரு தடவை மாத்திட்டா எது வேலை செஞ்சதுன்னே கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் அதே ரிப்போர்ட்ல தேதி ஃபில்டர்ல கம்பேர் ஆப்ஷனைப் போட்டு, மாத்துறதுக்கு முன்னாடி 28 நாள், பின்னாடி 28 நாள் வச்சுப் பாருங்க.