லிங்கனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கோச்சை மாற்றலாமா என்ற பேச்சைப் புரிந்துகொள்ள

ஆகஸ்ட் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில் வந்து இறங்கும் தமிழ் மாணவருக்கும், வேலை நிமித்தம் குடும்பத்தோடு வருபவருக்கும், வங்கிக் கணக்கு தொடங்குவது முதல் பனிக்காலக் காலணி வாங்குவது வரை சொல்லித்தர யாராவது ஒருவர் கிடைத்துவிடுகிறார். ஆனால் அக்டோபர் பிறந்ததும் ஒரு திங்கட்கிழமைக் காலையில், அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ நாலு பேர் கூடி நின்று, நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பயிற்சியாளரான கோச்சைப் பற்றி, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதுபோன்ற குரலில், "இந்தக் கோச்சை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா, இப்போதே மாற்றிவிட வேண்டுமா" என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்குள் எப்படி நுழைவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. நான் 2014 ஆகஸ்டில் இங்கே வந்தேன். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் எங்கள் துறையிலிருந்த அத்தனை பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதைக் கண்ணால் பார்த்தும், எதற்காகப் பிரிந்தார்கள் என்பது எனக்கு விளங்க மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

இது யாருடைய அணி

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டிய ஆட்டம். விதிகளை ஒரே மாலையில் கற்றுவிடலாம். ஒரு பல்கலைக்கழக மாணவர் அணிக்காக ஒரு மாநிலமே ஏன் இப்படி உருகுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கும். நெப்ராஸ்காவில் பெரிய லீக்கில் ஆடும் தொழில்முறை ஃபுட்பால் அணி எதுவும் கிடையாது. மேற்கே மாட்டுப் பண்ணையில் இருப்பவருக்கும், கிழக்கே ஒமாஹாவில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் பொதுவாக இருப்பது 'ஹஸ்கர்ஸ்' என்ற இந்த ஒரே அணிதான். 1923-இல் திறக்கப்பட்ட மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் தொடங்கி ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது இந்த ஊரின் பெருமை. அந்த வரிசை 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை மதியத்தில் ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்தபடி மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

அத்தகைய சனிக்கிழமைகள் ஆண்டுக்கு ஏழோ எட்டோ வரும். அன்று டவுன்டவுன் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள். ஒமாஹா இந்துக் கோவிலுக்குப் போவதாக இருந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் இன்டர்ஸ்டேட் 80 எப்படி இருக்கும் என்பதை மனத்தில் வைத்து நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். டெயில்கேட் என்னும் வாகன நிறுத்துமிட விருந்துக்கு யாராவது அழைத்தால் தயங்காமல் செல்லலாம். ஆனால் ரன்ஸா என்று அவர்கள் அன்போடு நீட்டும் ரொட்டிக்குள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் இருக்கும். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சீசனில் லீக் ஆட்டங்கள் பன்னிரண்டே என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். ஐபிஎல்லில் நாலு ஆட்டம் தோற்ற அணி மீண்டு வந்து கோப்பையைத் தூக்கலாம். இங்கே அக்டோபருக்குள் நாலு தோற்றால், பெரிய கனவுகள் அந்த ஆண்டுக்கு முடிந்தன. ஆறு ஆட்டங்களாவது வென்றால்தான் சீசன் முடிந்த பின் டிசம்பர் வாக்கில் நடக்கும் 'பவுல்' என்ற கௌரவ ஆட்டம் ஒன்றுக்குத் தகுதி கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு தோல்வியும் ஒரு மாதத்து வேதனையைச் சுமந்து வருகிறது. கோச் பற்றிய பேச்சு இவ்வளவு சீக்கிரம் சூடேறுவதற்கு இந்தக் கணக்கே முதல் காரணம்.

பழைய கதை தெரியாமல் பேச்சு புரியாது

கோச்சை மாற்றலாமா என்று லிங்கனில் ஒருவர் பேசத் தொடங்கினால், அவர் மனத்தில் இப்போதைய கோச்சுடன் இன்னும் ஆறேழு பேர் நிற்கிறார்கள். 1962-இல் வந்த பாப் டெவானி 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். அவருக்குப் பின் 1973-இல் பொறுப்பேற்ற டாம் ஆஸ்போர்ன் இருபத்தைந்து ஆண்டுகள் கோச்சாக இருந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒன்பது வெற்றிக்குக் குறையாமல் பெற்று, 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்று ஓய்வு பெற்றார். இன்று ஐம்பது வயதைத் தொடும் நெப்ராஸ்காக்காரர் ஒருவரின் இளமை முழுவதும் இந்த வெற்றிகளுக்குள் கழிந்தது. ஒன்பது வெற்றி என்பது அவருக்கு மழை பெய்வதைப் போல இயல்பான ஒன்றாகிவிட்டது.

ஆஸ்போர்னுக்குப் பின் வந்தவர் ஃபிராங்க் சோலிச். இதே அணியில் ஆடியவர், ஆஸ்போர்னிடம் நெடுங்காலம் உதவிக் கோச்சாக இருந்தவர். ஆறு சீசன்களில் 58 வெற்றி, 19 தோல்வி என்பது அவர் கணக்கு. 2001 சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டு சென்றார். 2002-இல் ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று ஒரு சறுக்கல் நேர்ந்தது. அடுத்த ஆண்டே ஒன்பது வெற்றிக்கு அணியை மீட்டு, 2003 நவம்பரில் கொலராடோ பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மண்ணில் வென்று திரும்பினார். மறுநாளே அவர் நீக்கப்பட்டார். அணி நடுத்தரமாகிப் போவதைப் பொறுக்க முடியாது என்பதே அன்றைய விளையாட்டுத் துறை இயக்குநர் சொன்ன காரணம். அடுத்து வந்த பில் கலஹன் தொழில்முறை லீக்கின் பாணியைக் கொண்டுவந்தார். முதல் ஆண்டே ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 35 ஆண்டுகளாக இடைவிடாமல் பவுல் ஆட்டம் கண்ட வரிசை அத்துடன் அறுந்தது. 2007 முடிவதற்குள் அந்த இயக்குநரும் போனார், கோச்சும் போனார்.

நான் வந்த ஆண்டில் கோச்சாக இருந்தவர் போ பெலினி. ஏழு ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததில்லை. ஆயினும் பெரிய ஆட்டங்களில் அணி நொறுங்கியது. 2014-இல் விஸ்கான்சினிடம் 59-24 என்று தோற்றபோது எதிரணியின் ஓட்டக்காரர் ஒருவரே 408 கஜம் ஓடினார். ரசிகர்களைப் பற்றி பெலினி கடுமையாகப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே வெளியாகி மனக்கசப்பை விளைவித்திருந்தது. அயோவாவைக் கூடுதல் நேரத்தில் வென்ற இரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அவர் நீக்கப்பட்டார். ஒன்பது ஆட்டம் வென்றவரை யாராவது நீக்குவார்களா என்று நான் கேட்டதற்கு, என் அறையிலிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "சோலிச்சையும் இப்படித்தான் செய்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த 'செய்தோம்' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. நீக்கியது நிர்வாகம், ஆனால் அந்தப் பழியில் அவர் தமக்கும் பங்கு வைத்துக்கொண்டார்.

பெலினிக்குப் பின் வந்த மைக் ரைலி மூன்று ஆண்டுகளில் 19 வென்று 19 தோற்றார். பிறகு 2017 டிசம்பரில் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தார். வுட் ரிவர் என்ற நெப்ராஸ்காச் சிற்றூரின் பிள்ளை, 1997 பட்டம் வென்ற அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். வெளியூருக்குப் போய்ப் பேர் வாங்கிய மகன் வீடு திரும்பியது போல ஊரே அவரை வரவேற்றது. அவர் காலத்தில் அணி வென்றது 16, தோற்றது 31. அதிலும் 2021-இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் நழுவியவை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதை ஒன்பது முறை பார்த்த ஜனங்கள், கோபத்தைவிடக் களைப்பையே அதிகம் சுமந்தார்கள். 2022 செப்டம்பர் 10 அன்று, ஜார்ஜியா சதர்ன் என்ற எளிய அணியிடம் சொந்த மைதானத்தில் 45-42 என்று தோற்ற மறுநாள், அவர் விடுவிக்கப்பட்டார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சோலிச்சை நீக்கியது பெரும் பிழை. தொடர்ந்து வந்த இருபது ஆண்டுச் சரிவுக்கு அதுவே வாசல் திறந்தது என்று நம்புகிறேன். பெலினி விஷயத்தில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஃப்ராஸ்ட் விஷயத்தில் நிர்வாகம் ஓராண்டு தாமதித்தது. லிங்கனில் பாதிப் பேர் இதில் ஏதாவது ஒன்றை மறுப்பார்கள். அவர்களிடமும் வலுவான காரணங்கள் இருக்கும்.

பணமும் காலமும்

'பை-அவுட்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் கோச்சை அனுப்பினால், மீதிக் காலத்துக்காகப் பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகை அது. ஃப்ராஸ்டை அனுப்ப 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். இருபது நாள் பொறுத்து அக்டோபர் 1 வரை காத்திருந்தால் அது பாதியாகக் குறைந்திருக்கும். அந்த இருபது நாளுக்கு 75 லட்சம் டாலரா என்று நம் மனம் பதறும். ஆனால் அந்த மாதத்தில் இங்கே பலர் அதை நிம்மதியோடு ஏற்றுக்கொண்டதை நேரில் பார்த்தேன். அடுத்து வந்த மாட் ரூலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 7.4 கோடி டாலர் என ஒப்பந்தம் எழுதப்பட்டது. மற்ற இடங்களில் இதைவிடப் பெரிய தொகைகள் உண்டு. 2023-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கோச்சை அனுப்பியபோது அந்தத் தொகை ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது. நாம் கட்டும் கல்விக் கட்டணம்தான் இப்படிப் போகிறதோ என்று புதிய மாணவர்கள் அஞ்சுவதுண்டு. ஆனால் ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், நன்கொடை ஆகியவற்றிலிருந்தே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு வருமானத்தின் பெரும்பகுதி வருகிறது. முடிவெடுப்பவர் விளையாட்டுத் துறை இயக்குநர் என்றாலும், பெரிய நன்கொடையாளர்களின் குரலுக்கு எடை உண்டு.

சீசன் முடியட்டும் என்று ஏன் காத்திருப்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் வீரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறார்கள் என்று கையெழுத்திடும் நாள் டிசம்பர் தொடக்கத்திலேயே வருகிறது. அதற்குள் புதிய கோச் வந்து, அவர்கள் வீடுகளுக்குப் போய், பெற்றோரிடம் பேசியாக வேண்டும். கோச் போனால், இருக்கும் வீரர்களுக்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல வழி திறக்கிறது. ஆகவே ஒருவரை நீக்கக் கோருபவர், அடுத்த ஆண்டின் அணியில் பாதியை இழக்கவும் துணிந்தே அதைக் கோருகிறார். வைத்துக்கொள்ளச் சொல்பவர்களின் வலுவான வாதமும் இதுவே.

நீங்கள் என்ன பேசலாம்

உங்களிடம் கருத்துக் கேட்பார்கள். மரியாதைக்குக் கேட்பதல்ல, உண்மையாகவே கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, "நீங்கள் எந்த ஆண்டிலிருந்து பார்க்கிறீர்கள்? யாரோடு போவீர்கள்?" என்று கேளுங்கள். தாத்தா வாங்கிய இருக்கை அப்பாவுக்கு வந்து, அப்பா காலமான பின் தமக்கு வந்த கதையை அவர்கள் சொல்வார்கள். இரண்டாம் தலைமுறையாக, மூன்றாம் தலைமுறையாக ஒரே இருக்கை எண்ணில் அமரும் குடும்பங்கள் இங்கே உண்டு. கோச்சைப் பற்றிய கோபத்துக்குள், அந்த இருக்கையில் தம் அருகே முன்பு அமர்ந்திருந்தவரின் நினைவும் இருக்கிறது. அதை அறிந்துகொண்டு பேசினால் உங்கள் சொல் தவறாகப் போகாது. "இது வெறும் விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் சொல்லி, ஒரு நல்ல மனிதரை ஒரு வாரம் பேசாமல் இருக்கச் செய்தேன். கோச்சின் குடும்பத்தையோ, பதினெட்டு பத்தொன்பது வயது வீரர்களையோ பழித்துப் பேசுவோரோடு சேர வேண்டாம். உள்ளூர்ப் பெரியவர்களும் அதை விரும்புவதில்லை.

ஆசிரிய உதவியாளராகப் பணிபுரியும் மாணவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் அணி வீரர் ஒருவர் இருக்கலாம். அவர் வகுப்புக்கு வந்தாரா, எவ்வளவு மதிப்பெண் வாங்கினார் என்பதை நண்பர்களிடம்கூடச் சொல்லக் கூடாது; மாணவரின் கல்வி விவரங்களைக் கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது. கோச் மாற்றம் பற்றிய வதந்திகள் பறக்கும் வாரத்தில், வகுப்பில் காதில் விழுந்த ஒரு சொல்கூட ஊர் முழுவதும் பரவிவிடும்.

ரூல் காலத்தில் பேச்சின் தொனி சற்று மாறியிருக்கிறது. 2016-க்குப் பிறகு முதன்முறையாக 2024-இல் பவுல் ஆட்டம் கிடைத்து, நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றார்கள். அதே 2024-இன் வசந்தகால ஆட்டத்துக்குச் சோலிச்சை அழைத்துக் கௌரவித்தார்கள். எண்பதை எட்டவிருந்த அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த மைதானத்துக்குள் வந்தார். அடுத்து வந்த திங்களன்று, முன்பு திரும்பிக்கொண்ட அதே மூத்த ஆய்வாளர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்து, சோலிச்சுக்காக எழுந்து நின்று கைதட்டியதை எனக்கு விவரமாகச் சொன்னார்.

தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையில் அயோவாவுடன் ஆட்டம் வருவதே வழக்கம். வியாழன் இரவு யாராவது உங்களை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பார்கள். கோச் பற்றிய பேச்சு அந்த ஆண்டின் உச்சத்தில் இருப்பது அந்த மேசையில்தான். அழைத்தால் போங்கள். மறுநாள் ஆட்டம் லிங்கனில் என்றால், கூடுதலாக இருக்கும் ஓர் இருக்கையை உங்களுக்குத் தரவும் கூடும். சிவப்பு நிற உடைக்குள் இரண்டு அடுக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் பையைத் தவிர வேறெதையும் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கைப்பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.