ஸ்டோயிக் வாசிப்புக் கூட்டம் கலையாமல் நின்ற விதம்

ரப்பர் விளையும் குலசேகரத்தில் ஐந்து பேர் சேர்ந்து, பழைய கிரேக்க, ரோமத் தத்துவமான ஸ்டோயிசத்தை வாசிக்க, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் ‘தியானங்கள்’ நூலின் 12 பகுதிகளில் தொடங்கினோம். மூன்றாம் வாரமே பேச்சு ஊர்க்கதைக்குப் போய்விட்டது. அவை அவர் தனக்கே எழுதிய குறிப்புகள். புதியவர் பிடித்து ஏற வரிசை இல்லை. ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் ‘கையேடு’ நூலுக்கு மாறியதும் சரியானது. வாரம் ஒரு அத்தியாயம். உரக்க வாசிக்க 10 நிமிடம், பயிற்சிக்கு 40.

நம் கையில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரிக்கும் முதல் அத்தியாயத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். ‘நம் கையில் இல்லை’ என்றால் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். ரப்பரை வைத்துச் சொன்னால் பிடிபடும்: மழை நம் கையில் இல்லை. மரத்தில் பால் எடுக்கும் வெட்டுக்கு மேலே மழைநீரைத் தடுக்கும் ‘ரெயின் கார்டு’ பிளாஸ்டிக் ஒட்டுவது நம் முயற்சி. ஒட்டியும் பால் வீணானால், அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது முழுக்க நம்முடையது.

இரவில் படுக்குமுன் செய்யும் பயிற்சிக்கு, ரோம ஸ்டோயிக் செனெகா ‘கோபம் பற்றி’ நூலில் தத்துவஞானி செக்ஸ்டியஸிடமிருந்து எடுத்துச் சொல்லும் மூன்று கேள்விகள்: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணமாக்கினாய்? எந்தக் குறையை எதிர்த்து நின்றாய்? எதில் மேம்பட்டாய்? நோட்டில் கேள்விக்கு ஒரு வரிதான் பதில். நீட்டி எழுதினால் தன்னையே திட்டுவதில் முடியும். செனெகாவோ தன்னை மன்னித்துவிட்டுத்தான் உறங்கப் போகிறார்.

விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு என்பதால் கூட்டம் மாலை 5 மணிக்கே. அடுத்தவர் நோட்டை யாரும் கேட்பதில்லை.