ஆஸ்பத்திரி வேலைல பாண்ட், அக்ரிமெண்ட்னு தாள நீட்டுனா எதெல்லாம் பாக்கணும்

அந்தக் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பும்போது செட்டியார் வீட்டுல சம்பளச் சீட்டுன்னு ஒண்ணு எழுதுவாங்க, எத்தன வருசம், என்ன சம்பளம், எந்த ஊர்க் கடை எல்லாம் அதுல இருக்கும். இன்னிக்கு காரைக்குடில நர்ஸ் வேலைக்கு சேர்ற புள்ளைங்ககிட்ட உன் சீட்டு எங்கடான்னு கேட்டா "ஆஸ்பத்திரில வாங்கி வச்சுக்கிட்டாங்கக்கா"ங்குதுங்க. எட்டு வருசம் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஸ்டாஃப் ஃபைல் பாத்தவ நான், அதனால சொல்றேன், முதல் வேலை உங்க காப்பி. கையெழுத்து போட்ட அன்னிக்கே போன்லயாவது எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கங்க.

புதுவயல்ல இருந்து ஒரு பொண்ணு எங்கிட்ட வந்துச்சு, வேற ஒரு ஆஸ்பத்திரில சேந்து பதினோரு மாசம். அவகிட்ட இருந்தது போன்ல எடுத்த ஒரே ஒரு போட்டோ: பாண்டோட (இத்தன வருசம் வேலை பாப்பேன், இல்லன்னா இவ்வளவு பணம் கட்டுறேன்னு எழுதிக் குடுக்குற பத்திரம்) மேல மூணு வரி டைப் அடிச்சிருக்கு, நடுவுல முழுக்க வெறும் தாள், அடில அவ கையெழுத்து. அது போக ஒரிஜினல் சர்டிபிகேட், தொகை எழுதாத ஒரு செக். "மூணு வருசம் முடியாம போனா போலீஸ் வரும்னு சொன்னாங்கக்கா"ன்னு அழுவுறா.

போலீஸ் வராது. வேலைய விட்டுப் போறது குற்றம் இல்ல, அது சிவில் விவகாரம். தனிப்பட்ட உழைப்ப நம்பி இருக்குற ஒப்பந்தத்துல வந்து வேலை பாருன்னு எந்தக் கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது. நஷ்டஈடு கேக்கலாம், அவ்வளவுதான். அதுவும் 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 74வது பிரிவுப்படி பாண்ட்ல எழுதுன தொகைங்கறது உச்சவரம்பு தான், ரெண்டு லட்சம்னு போட்டிருந்தா அந்த ரெண்டு லட்சமும் அப்படியே கட்டணும்னு இல்ல, அதுக்குள்ள நியாயமா எவ்வளவோ அவ்வளவு. ஆனா பாண்டே செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025ல ஒரு அரசு வங்கி வழக்குல மூணு வருசத்துக்கு முன்ன போனா ரெண்டு லட்சம்ங்கற நிபந்தனைய சுப்ரீம் கோர்ட் சரின்னுருச்சு, ஆள் எடுக்க அவங்களுக்கு ஆகுற செலவையும் பாத்தாங்க. அதனால தொகை எதுக்காக, என்ன ட்ரெய்னிங் கொடுத்தாங்க, வருசம் ஆக ஆக குறையுமான்னு சேர்றப்பயே கேளுங்க.

தொகை எழுதாத செக்க மட்டும் குடுத்துடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். பாண்ட் சிவில்னு சொன்னேன்ல, செக் பவுன்ஸ் ஆனா செக் சம்பந்தப்பட்ட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தோட 138வது பிரிவுல கிரிமினல் கேஸ் வரலாம், கடன் இல்லன்னு காட்டுற பாடு உங்க தலைல விழும்.

சர்டிபிகேட்டும் அப்படித்தான், அது அடகு வைக்கிற நகை இல்ல. சரிபாத்துட்டு திருப்பிக் குடுத்துரணும், ஜெராக்ஸ் போதும். ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா என்னென்ன, என்னிக்கு குடுத்தீங்கன்னு எழுதி சீல் வச்ச ரசீது வாங்குங்க.

ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒண்ணு, பதினெட்டு வயசு முடியாதவங்க போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்ல. ஏஎன்எம், ஜிஎன்எம்னு நர்ஸிங் டிப்ளமோ படிக்க 17 வயசுல சேரலாம்ல, அப்ப கையெழுத்து வாங்குன பாண்ட பின்னாடி நீட்டுனா பத்தாவது மார்க்‌ஷீட்ல பிறந்த தேதிய எடுத்து வைங்க. அப்பா தனியா ஜாமீன் போட்டிருந்தா அது வேற கதை, அதையும் பாக்கணும்.

"விலகுனா ரெண்டு வருசத்துக்கு பத்து கிலோமீட்டருக்குள்ள வேற ஆஸ்பத்திரில சேரக்கூடாது"ன்னு டாக்டருங்க அக்ரிமெண்ட்ல நிறைய பாத்திருக்கேன். அதே ஒப்பந்தச் சட்டத்தோட 27வது பிரிவுல அது செல்லாது. வேலைல இருக்கும்போது வேற எடத்துல பாக்கக்கூடாதுன்னா அது செல்லும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கன்சல்டன்ட்டா ஸ்டாஃபான்னும் தெளிவா எழுதி வாங்குங்க, கன்சல்டன்ட்னா பத்து சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரிய முன்கூட்டியே புடிப்பாங்க, பிஎஃப் வராது, லீவும் நீங்க பேசி எழுதுனது தான்.

ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கும் சொல்றேன். 2025 நவம்பர் 21ல இருந்து புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமல்ல இருக்கு, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா ஒவ்வொருத்தருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுத்தே ஆகணும், விலகுனவங்க சம்பள பாக்கிய ரெண்டு வேலை நாளுக்குள்ள செட்டில் பண்ணணும். நோட்டீஸ் பீரியட், நைட் ட்யூட்டி, பிரசவ லீவு எல்லாம் தமிழ்லயே எழுதிக் குடுங்க. புரிஞ்சு கையெழுத்து போட்ட நர்ஸ் நின்னு வேலை பாக்குறத நான் கண்ணால பாத்திருக்கேன்.

அந்த புதுவயல் பொண்ணுக்கு நாங்க செஞ்சது இதுதான். ராஜினாமா கடிதம், நோட்டீஸ் நாள் கணக்கோட. சர்டிபிகேட்டும் செக்கும் திருப்பிக் கேட்டு தனிக் கடிதம். ரெண்டையும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத ஒட்டி வச்சோம். பேங்க்ல அந்த செக் நம்பர ஸ்டாப் பேமென்ட்டும் குடுத்தோம், ஆனா ஸ்டாப் பண்ணுனாலும் 138 கேஸ் போட முடியும், அதான் கடிதம் முன்னாடியே போகணும். பதில் வரலன்னா அடுத்தது இலவச சட்ட உதவி தான், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் உண்டு, 15100க்கு போன் பண்ணலாம், இல்ல சிவகங்கைல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராவே போகலாம். அவளுக்கு அது வரைக்கும் போக வேண்டி வரல, மூணாவது வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டு சர்டிபிகேட்ட குடுத்துட்டாங்க, செக்கையும் அவ கண்ணு முன்னாடியே கிழிச்சாங்க.