நெகடிவின் விளிம்பை வெட்டாதீர்கள்: பழைய ஃபிலிம் படங்களைக் கேமராவால் பதிவெடுத்து நினைவுகளோடு பகிர்வது எப்படி

அப்பா எடுத்த 14 ரோல் நெகடிவ்களைக் கணினிக்குக் கொண்டுவர நான் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. முதல் தடவை ஒவ்வொரு பிரேமையும் படம் இருக்கும் பகுதி மட்டும் தெரிகிற மாதிரி கச்சிதமாக வைத்துப் பதிவெடுத்தேன். ஐந்து ரோல் முடிந்த பிறகுதான், எது முக்கியமோ அதையே விட்டுவிட்டேன் என்று புரிந்தது. அந்த விஷயம் 3ஆம் படியில் விரிவாக இருக்கிறது. ஏற்கெனவே பதிவெடுக்கத் தொடங்கிவிட்டவர்கள் அதை முதலில் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

படி 1: என்னென்ன வேண்டும்

டிஜிட்டல் கேமரா, மேக்ரோ லென்ஸ், கேமராவைக் குனிந்து பார்க்கும்படி நிறுத்த ஒரு ஸ்டாண்டு, எல்இடி லைட் பேட், ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஒரு ஹோல்டர், காற்றடிக்கும் ரப்பர் புளோயர், பருத்திக் கையுறை. லைட் பேட் வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், மலிவான விளக்கில் தோலின் நிறம் கடைசிவரை சரியாக வராது.

பிளாட்பெட் ஸ்கேனர் போதாதா என்று கேட்பீர்கள். அச்சிட்ட போட்டோக்களுக்கு அதுதான் சிறந்தது, 600 டிபிஐ வைத்தால் தாராளம். ஆனால் 35 மிமீ நெகடிவுக்கு என் ஓட்டு கேமராவுக்குத்தான். ஒரு பிரேம் 36க்கு 24 மிமீதான், அந்தச் சின்ன இடத்தில் மேக்ரோ லென்ஸ் எடுத்துக் காட்டும் நுணுக்கம் பிளாட்பெட்டில் வருவதில்லை, தவிர ஒரு ரோலை முடிக்க 15 நிமிடம்கூட ஆகாது.

கேமரா இல்லை, போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் தொடங்கலாம். டேப்லெட் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் நெகடிவை வைப்பார்கள், அப்படி ஒட்டி வைத்தால் திரையின் பிக்சல் கட்டங்கள் படத்தில் விழும். 2, 3 செமீ உயர்த்தி, நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று வையுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

படி 2: வைத்து எடுப்பது

தூசியைப் புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஒரு புள்ளி பட்டாலும் கறை நிற்கும். சுருண்டு கிடக்கும் ஃபிலிமை உறைக்குள் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் விட்டால் அடங்கிவிடும்.

கேமரா ஃபிலிமுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று: ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து லென்ஸ் வழியே பாருங்கள், லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் நின்றால் சரி. அப்புறம் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 2 விநாடி டைமர், ரா ஃபைல் (கேமரா திருத்திச் சுருக்காமல் சேமிப்பது). ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் முழு ரோலுக்கும் ஒரே அளவில் வையுங்கள், நடுவில் தொடாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

படி 3: விளிம்பு

இங்கேதான் நான் விழுந்தேன்.

கலர் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும் அல்லவா? அது பழசாகிப்போனதால் வந்த நிறம் இல்லை. சாயங்களில் உள்ள குறையை ஈடுகட்டுவதற்காக ஃபிலிமிலேயே சேர்த்துத் தயாரித்த மாஸ்க் அது. இதைக் கழிக்காமல் நெகடிவின் நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் படம் முழுக்க நீலம் பூசினாற்போல வரும். கழிக்க வேண்டும் என்றால், மாஸ்க் மட்டும் இருந்து படம் விழாத ஓர் இடத்தை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது? இரண்டு பிரேம்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியிலும், ஓரத்திலும். நான் கச்சிதமாக வெட்டி விலக்கியது அதைத்தான். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பிரேமையும் தானியங்கியாகத் திருத்தவிட்டேன், அப்பாவின் ஒரே சட்டை நாலு பிரேமில் நாலு நிறமாக வந்தது.

அதனால் பிரேமைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். நான் பயன்படுத்துவது டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருள், அது இலவசம். அதில் நெகாடாக்டர் என்ற பகுதியில் ஃபிலிமின் அடிப்படை நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி இருக்கிறது. பிரேம்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தொடுங்கள், பல்சக்கர ஓட்டையைத் தொடாதீர்கள், ஓட்டையில் இருப்பது வெறும் விளக்கு வெளிச்சம். ஒரு பிரேமில் எடுத்த அளவை அந்த ரோல் முழுக்க நகலெடுத்து ஒட்டினால் சட்டை ஒரே நிறத்தில் நிற்கும்.

விளிம்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபிலிமின் பெயர், அப்புறம் 22, 22ஏ, 23 என்று வரிசை எண்கள். படத்தின் எல்லையும் எண்ணும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் எது முன், எது பின் என்பது அதில் அப்படியே இருக்கிறது. எழுத்துகள் நேராகப் படிக்கும்படி இருந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது, படம் இடவலம் மாறாமல் வரும். ஒரு முறை இதைக் கவனிக்காமல் அனுப்பிய படத்தைப் பார்த்த நண்பர், "அப்பா வலது கையில்தான் வாட்ச் கட்டுவாரா?" என்று கேட்டார்.

படி 4: ஒற்றைப் படமாக அனுப்பாதீர்கள், துண்டாக அனுப்புங்கள்

எல்லோரும் நல்ல படம் ஒன்றைப் பொறுக்கித் துடைத்து, தூசி நீக்கி, ஓரம் வெட்டி அனுப்புகிறோம். பாராட்டு வரும், பேச்சு வராது. இரண்டாவது தடவை நான் ஆறு பிரேம் உள்ள முழுத் துண்டையும் பதிவெடுத்து அனுப்பினேன். அது ஒரு ரோலின் தொடக்கத் துண்டு. முதல் பிரேமில் பாதி வெளிச்சம் பட்டு வெள்ளையாக எரிந்து, எரிந்த ஓரம் ஆரஞ்சாக மங்கி, மிச்சப் பாதியில் ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரும் அதை இறுக்கிப் பிடித்த ஒரு கையும். லேபில் அந்தப் பிரேமை அச்சிடவே இல்லை, ஆல்பத்திலும் கிடையாது. அத்தை பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "டேய், அது என் கைடா. உங்க அப்பாதான் பின்னாடி பிடிச்சுக்கிட்டு வந்தான். போட்டோ எடுக்கணும்னு கையை விட்டுட்டு முன்னாடி ஓடினான், அன்னைக்குத்தான் நான் தனியா ஓட்டினேன்." ஆல்பத்தில் இருப்பது அடுத்த பிரேம், அத்தை சைக்கிளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் சிரிக்கிறாள் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஃபிலிமில் எடுக்கும் நண்பர்களுக்கு அதே துண்டை அனுப்பினேன், அவர்களுக்கு வேறு நினைவுகள் கிளம்பின. பின் மூடியை மூடி இரண்டு தடவை வெறுமனே அழுத்திவிட்டு முதல் படம் எடுப்பது, அதைக்கூட வீணாக்க மனம் வராமல் ஒருவர் எடுத்த பாதிப் படம், ரோல் முடிந்து திருப்பிச் சுற்றும்போது கைப்பிடி சட்டென்று இலகுவாகிற அந்த நொடி. ஆளுக்கொன்று எழுதினார்கள்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இது 1987இல் எடுத்ததுதானே?" என்று உங்கள் ஊகத்தை முதலில் சொல்லாதீர்கள். கேட்பவர் ஆமாம் என்று சொல்லிவிடுவார், அத்தோடு முடிந்தது. "கையில் என்ன இருக்கிறது?", "யார் எடுத்திருப்பார்கள்?" என்று படத்துக்குள்ளேயே நின்று கேளுங்கள்.

படி 5: நினைவை ஃபைலுக்குள் எழுதுங்கள்

சொன்னதை அன்றே, சொன்னவரின் வார்த்தையிலேயே, படத்தின் விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். டார்க்டேபிளிலேயே எழுதலாம், நான் படக் குறிப்புகளை எழுதும் எக்சிஃப்டூல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். என் வரிசை இப்படி: படத்தில் தெரிவது ஒரு வரி, யார் என்ன சொன்னார் என்பது அடுத்து, என் ஊகம் கடைசியில், ஊகம் என்று சொல்லியே. மூன்றையும் கலந்தால் பத்து வருடம் கழித்து எது எது என்று உங்களுக்கே பிரிக்க வராது.

எடுத்த தேதியையும் மாற்றுங்கள், இல்லையென்றால் எல்லாப் படமும் நீங்கள் பதிவெடுத்த நாளில் போய் உட்காரும். வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 போட்டு, குறிப்பில் "சுமார்" என்று எழுதுங்கள்.

அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்குப் பொதுவான நிறவெளியில், நீளப் பக்கம் 2048 பிக்சல் ஜேபெக் போதும். செய்தி அனுப்பும் செயலிகள் பல, போட்டோவாக அனுப்பினால் குறிப்பை உரித்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சொன்ன சிக்கல்கள் சில.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்றார் ஒருவர். லைட் பேடின் வெளிச்சம் துடிக்கிறது என்று அர்த்தம், ஷட்டரை 1/30 விநாடி அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். வானவில் வளையங்கள் தெரிந்தால் ஃபிலிம் வழவழப்பான கண்ணாடியைத் தொடுகிறது, கண்ணாடியை எடுத்துவிடுங்கள். 1970க்கு முந்தைய தேதியைச் சில செயலிகள் தவறாகக் காட்டும், அதற்காகத் தேதியை மாற்ற வேண்டாம், வருடத்தை ஃபைல் பெயரிலும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு அலமாரியில் கழுவாத கோடக்ரோம் (கோடக்கின் கலர் ஸ்லைடு ஃபிலிம்) ரோல் ஒன்று கிடைத்திருக்கிறது. 1935இல் வந்த அந்த ஃபிலிமை 2009இல் நிறுத்தினார்கள், அதைக் கலரில் கழுவிய கடைசி லேபும் 2010 டிசம்பர் 30 அன்று ரோல்கள் வாங்குவதை நிறுத்திவிட்டது. கருப்பு வெள்ளையாகக் கழுவ முடியும், அதைச் செய்யும் லேப்கள் இருக்கின்றன. கழுவி வந்ததும் விளிம்போடு பதிவெடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள், முதல் பிரேமிலிருந்து.